நாகா மலையின் 'ஃபோக் ப்ளூஸ்' பாடகர்: யார் இந்த ரூபென் மஷாங்வா?

2021-ஆம் ஆண்டின் பத்ம விருதுப் பட்டியல் தமிழ் ரசிகர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். மறைந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு பத்மவிபூஷண், கே.எஸ்.சித்ராவுக்கு பத்மபூஷண், பாம்பே ஜெயஸ்ரீக்கு பத்மஸ்ரீ. அதே பட்டியலில், கலைப் பிரிவில், 'மணிப்பூர்' என்ற வார்த்தைக்கு நேராக இன்னொரு பாடகரின் பெயரும் இருந்தது. ரூபென் மஷாங்வா.

நம்ம பக்கம் அந்தப் பெயர் யார் கண்ணிலும் பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் சினிமாவுக்குப் பாடுபவர் இல்லை. கச்சேரி மேடைக்காரரும் இல்லை. தோளில் ஓர் அகவுஸ்டிக் கிடார், கழுத்தில் மாட்டிய கம்பியில் ஒரு மவுத் ஆர்கன், பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் குழல். பெரும்பாலும் தனியாளாகவே மேடையேறுவார். பாடுவது தாங்குல் மொழியில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகை அவ்வளவு இருக்கும்.

அவ்வளவு சின்னக் கூட்டத்துக்குள் புழங்கும் ஒரு மொழியில் பாடியே ஒருவர் 'நாகா ஃபோக் ப்ளூஸின் தந்தை' என்று பெயர் வாங்கினது எப்படி? அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைக்கும் மணிப்பூர் மலைக்கும் என்ன சம்பந்தம்? அவர் பாடுகிற பழைய பாட்டுகள் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உக்ருல் எங்கே இருக்கிறது?

மணிப்பூரின் தலைநகர் இம்பாலில் இருந்து வடகிழக்கே சுமார் 80 கி.மீ. மலைச்சாலையில் ஏறினால் உக்ருல் வரும். அதைத் தாண்டினால் மியான்மர் எல்லை. இந்த மலைகளில் வாழ்பவர்கள் தாங்குல் நாகாக்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் அவர்களுடைய ஊர்கள் உண்டு. மே, ஜூன் மாதங்களில் ஷிருய் மலை உச்சியில் பூக்கும் ஷிருய் லில்லிதான் மணிப்பூரின் மாநில மலர். லோங்பி என்ற ஊரின் கறுப்பு மண்பாண்டங்களை நீங்கள் கைவினைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கலாம். இரண்டும் தாங்குல் மண்ணைச் சேர்ந்தவைதான்.

1961-இல் இந்த மாவட்டத்தின் சோய்தார் கிராமத்தில் பிறந்தவர் ரூபென்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாங்குல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஊருக்கு ஊர் பேச்சு மாறும். மதுரைத் தமிழுக்கும் கோவைத் தமிழுக்கும் இருக்கிற வித்தியாசம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து மலையில் இருக்கிறவர் பேசுவது சுத்தமாகப் புரியாமலே போகலாம். உக்ருல் ஊர்ப் பேச்சுதான் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் அச்சுக்கும் பொதுமொழி ஆனது. இதனால் பாட்டுக்கு வந்த சிக்கல் சாதாரணமானதல்ல. ஓர் ஊரின் நடவுப் பாட்டை அந்த ஊர்ப் பெரியவர் பாடாமல் போனால், அடுத்த ஊரில் போய்க் கேட்டு வாங்கிவிட முடியாது. அங்கே பாட்டும் வேறு, பேச்சும் வேறு.

பாட்டு எப்படிக் காணாமல் போனது?

நாகா ஊர்களில் பாட்டு தனிக் கலையாக இருந்ததில்லை. விதைக்கும்போது ஒன்று, களை எடுக்கும்போது ஒன்று, அறுவடைக்கு ஒன்று, மரம் இழுக்கும்போது ஒன்று, சாவுக்கு ஒன்று என்று வேலையோடும் சடங்கோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலையின் தாளம்தான் பாட்டின் தாளம். ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஹோ... ஹே...' என்று ஏந்திக்கொள்வார்கள். நம்ம ஏற்றப் பாட்டும் கடற்கரையின் ஏலேலோவும் இதே கட்டுமானம்தான்.

இந்தப் பாட்டுகளுக்குப் பள்ளிக்கூடம் எது? 'லாங்ஷிம்' என்ற இளைஞர் கூடம். ஊரின் பிள்ளைகள் ஒரு வயதுக்கு மேல் இரவில் அங்கே போய்த் தங்குவார்கள். கதை, சண்டைப் பயிற்சி, கைத்தொழில், பாட்டு எல்லாம் மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்குக் கை மாறியது அங்கேதான். எழுத்து கிடையாது. காது, வாய், அவ்வளவுதான்.

1896-இல் வில்லியம் பெட்டிக்ரூ என்ற பாதிரியார் உக்ருல் வந்து சேர்ந்தார். பள்ளி தொடங்கினார், தாங்குல் பேச்சை ரோமன் எழுத்தில் எழுத வைத்தார், புதிய ஏற்பாட்டை அந்த மொழிக்குக் கொண்டுவந்தார். அடுத்த சில தலைமுறைகளில் தாங்குல் மக்கள் ஏறக்குறைய முழுமையாகக் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள். எழுத்தும் கல்வியும் மருத்துவமும் வந்தன. தலை வெட்டும் பகை ஓய்ந்தது. அதே கையோடு அரிசிக் கள்ளும் விருந்துச் சடங்குகளும் அந்தச் சடங்குகளின் பாட்டும் ஆட்டமும் 'பழைய வழி' என்று ஒதுக்கப்பட்டன. லாங்ஷிம் கூடங்கள் காலியாகின. அவற்றின் இடத்தைப் பள்ளி விடுதியும் தேவாலயப் பாடகர் குழுவும் பிடித்தன.

மிஷனரிகள் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இப்போது ஒரு வழக்கமாகியிருக்கிறது. அது பாதிக் கதைதான். தேவாலயம் அந்த மக்களுக்கு இன்னொரு இசையைக் கொடுத்தது. நான்கு குரலில் ஒத்திசைத்துப் பாடுகிற முறை, அதைப் படிக்க ஒரு எளிய ஸ்வரக் குறிப்பு முறை, பிறகு பியானோ, கிடார். வடகிழக்கில் இன்று எந்த ஊருக்குப் போனாலும் கிடார் வாசிக்கத் தெரிந்த நாலு பேர் கிடைப்பார்கள் என்றால் அதற்கு வேர் ஞாயிறு ஆராதனையில் இருக்கிறது. ரூபென் கையில் இருக்கிற கிடாருக்கும்கூட அந்த வரலாற்றில் பங்கு உண்டு.

ஆனால் இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பின்விளைவு இருந்தது. தேவாலய இசையில் வளர்ந்த காதுக்குத் தாத்தாவின் பாட்டு 'சுதி சேராத' பாட்டாகக் கேட்க ஆரம்பித்தது.

டிலனில் இருந்து தாத்தாவுக்கு

ரூபெனின் இளமைக்காலத்தில் மணிப்பூர் மலைகளில் கேட்ட இசை என்ன? ஆராதனைப் பாடல்கள், வானொலி, கைக்குக் கை மாறிய மேற்கத்திய கேசட்டுகள். பாப் டிலனும் பாப் மார்லியும்தான் தன்னைப் பாதித்தவர்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். டிலனிடம் இருந்து ஒற்றைக் கிடார், மவுத் ஆர்கன், கதை சொல்லும் பாட்டு. மார்லியிடம் இருந்து, தன் மக்களின் வேரைப் பற்றி வெட்கப்படாமல் பாடுகிற துணிச்சல்.

நாட்டின் மற்ற பகுதிகளில் இளைஞர்களின் காதை நிரப்பியது சினிமாப் பாட்டு. வடகிழக்கின் மலைகளில் அந்த இடம் ராக், ப்ளூஸ், கன்ட்ரி ஆகியவற்றுக்குப் போனது. மேகாலயாவின் ஷில்லாங்கில் லூ மஜாவ் என்ற பாடகர் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி நடத்திக் கொண்டாடி வருவது ஊரறிந்த கதை. மணிப்பூரில் 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆயுதக் குழு ஒன்று இந்திப் படங்களுக்குத் தடை போட்டதும், திரையரங்குகளில் பாலிவுட் ஏறக்குறைய மறைந்தே போனதும் பின்னால் வந்த சங்கதி.

டிலனைப் போலவே பாடுகிற ஆட்கள் மலைக்கு நூறு பேர் இருந்தார்கள். ரூபென் வேறு வழியில் திரும்பியதுதான் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான திருப்பம். டிலன் எங்கிருந்து எடுத்தார்? தன் நாட்டின் பழைய நாட்டுப்புறப் பாடல்களில் இருந்துதான். அப்படியானால் என் ஊரில் பழைய பாட்டு எங்கே என்ற கேள்வி வரும் இல்லையா? அந்தக் கேள்வியோடு அவர் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்தார். பாட்டைக் கேட்டார், பதிவு செய்தார், வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார், வாத்தியம் செய்யும் முறையைக் கற்றார். பல வருட வேலை இது.

இயக்குநர் ஒய்னம் டோரன் 2010-இல் எடுத்த 'சாங்ஸ் ஆஃப் மஷாங்வா' என்ற ஆவணப்படம் இந்தப் பயணத்தைத்தான் பின்தொடர்கிறது. அந்தப் படத்துக்கு தேசியத் திரைப்பட விருது கிடைத்தது. ரூபெனின் பெயருக்கு முன்னால் வருகிற 'குரு' என்ற அடைமொழியும் ரசிகர்கள் அன்பில் வைத்த பட்டம் இல்லை. நாட்டுப்புற இசையைக் கற்பிக்கும் ஆசான் என்று மத்திய கலாச்சார அமைச்சகம் தந்த அங்கீகாரம் அது.

சரி, அதென்ன 'ஃபோக் ப்ளூஸ்'?

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைமுறையில் இருந்து விடுபட்ட கறுப்பின மக்களிடையே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான இசை. பருத்திக் காட்டிலும் ரயில் பாதையிலும் வேலை செய்தவர்கள் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடிய வேலைப் பாட்டுகள் அதன் ஒரு வேர். ஆக, நாகா வயல் பாட்டுக்கும் அதற்கும் முதல் ஒற்றுமை கட்டுமானத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது ஒற்றுமை ஸ்வரத்தில். நாகா மெட்டுகள் பெரும்பாலும் நாலைந்து ஸ்வரங்களுக்குள் முடிந்துவிடும். ப்ளூஸின் அடிப்படையும் ஐந்து ஸ்வரம்தான். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இதை ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடலாம். சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ, க, ம, ப, நி. மேற்கத்திய இசைக்காரர்கள் மைனர் பென்டடானிக் என்று சொல்வது இதைத்தான். இதில் மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டுக்கொண்டால் ப்ளூஸ் ஸ்கேல் வந்துவிடும். அந்த இடைப்பட்ட ஸ்வரத்தையும் காந்தாரத்தையும் நேராக நிறுத்தாமல் இழுத்து, வளைத்து, அழுகிற மாதிரி பாடுவதில்தான் ப்ளூஸின் உயிர். கிடாரில் கம்பியை விரலால் தள்ளி வளைப்பது இதற்காகத்தான். சுத்த தன்யாசியில் கமகம் செய்கிற வேலைக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாங்குல் பெரியவர்களின் குரலிலும் இந்த இழுவை இருக்கிறது. ஸ்வரத்தில் நேராகக் குதிக்காமல் சறுக்கி இறங்குவார்கள். ரூபென் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். ப்ளூஸை இறக்குமதி செய்து அதன்மேல் தாங்குல் வார்த்தைகளை ஒட்டவில்லை அவர். இரண்டு இசைக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகிற இடங்களில் கிடாரை வைத்தார். அதனால்தான் அவருடைய பாட்டைக் கேட்கும்போது எங்கே கிராமம் முடிகிறது, எங்கே மிசிசிப்பி தொடங்குகிறது என்று சட்டென்று கோடு போட முடியாது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. 'எல்லா ஆதிமக்களின் இசையும் ஒன்றுதான்' என்று இதை நீட்டிவிடக் கூடாது. ஐந்து ஸ்வர மெட்டுகள் உலகம் முழுக்க இருக்கின்றன, சீனாவில் இருந்து ஸ்காட்லாந்து வரை. ஒற்றுமை ஒரு கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான்.

குழலின் துளையை ஏன் மாற்றினார்?

ரூபெனின் வேலையில் மிகவும் விவாதத்துக்கு உரிய பகுதி இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அவர் மேடையில் பயன்படுத்துகிற பாரம்பரிய வாத்தியங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று 'யாங்காஹுய்', நீளமான மூங்கில் குழல். இன்னொன்று 'திங்தெய்லா', சுரைக்குடுக்கை மாதிரியான ஒரு சின்னக் குடத்தின்மேல் ஒற்றை நரம்பு கட்டி வில்லால் இழுத்து வாசிப்பது. நம்ம ஊர் பழைய வீதிப் பிச்சைக்காரர்களின் ஒற்றைக் கம்பி வாத்தியத்தைப் பார்த்தவர்களுக்கு வடிவம் பிடிபடும்.

இவற்றைக் கிடாரோடு சேர்த்து வாசித்தால் என்ன ஆகும்? சண்டை போடும். காரணம் எளிது. கிடாரின் கழுத்தில் உலோகப் பட்டைகள் நிலையாகப் பதித்திருக்கும். ஒரு ஸ்தாயியைச் சரிசமமான 12 பங்காகப் பிரித்து அந்தந்த இடத்தில் பதித்தவை அவை. ஆனால் மூங்கில் குழலின் துளைகளை அந்தக் காலத்து ஆசான் கை அளவாலும் காதின் தீர்ப்பாலும் போட்டார். ஊருக்கு ஊர், குழலுக்குக் குழல் வேறுபடும். தனியாக வாசித்தால் அழகு. கிடாரின் பக்கத்தில் வைத்தால் அரைக்கால் சுதி விலகி நிற்கும். தேவாலய இசையில் வளர்ந்த இளைஞன் அதைக் கேட்டு முகம் சுளிப்பான்.

ரூபென் செய்தது, குழலையும் திங்தெய்லாவையும் கிடாரின் சுதிக்கு ஒத்துவரும்படி மாற்றியமைத்தது. துளைகளின் இடமும் கட்டும் முறையும் மாறின. பாட்டி காலத்து வாத்தியம் மைக் முன்னால், மற்ற வாத்தியங்களோடு, மற்ற மாநிலக் கலைஞர்களோடு சேர்ந்து வாசிக்கக்கூடியதாக ஆனது.

இது காப்பாற்றியதா, கெடுத்ததா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பழைய சுதியே ஒரு அறிவு, அதைச் சமமான 12 பங்குக்குள் அடைத்தால் அந்த அறிவு போய்விடும் என்பது இசை ஆய்வாளர்கள் இதுபோன்ற மாற்றங்களைப் பற்றி எழுப்புகிற கவலை. ஹார்மோனியத்தைப் பற்றி நம்ம ஊரில் நடந்த சண்டையும் இதே சண்டைதான். ஆல் இந்தியா ரேடியோ 1940 முதல் பல பத்தாண்டுகள் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். மறுபக்கம், யாரும் வாசிக்காத, யாரும் செய்யாத ஒரு குழல் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் பழைய சுதியோடு பத்திரமாக இருந்து யாருக்கு என்ன பயன்?

நமக்குத் தோன்றுவது இதுதான். ரூபெனின் வழி சரியான வழி, ஆனால் அது மட்டுமே போதாது. மாற்றாத குழலின் ஒலியும் மாற்றாத குரலும் பதிவாகி ஓரிடத்தில் இருந்தால்தான், மாற்றியதன் அளவு என்னவென்று அடுத்த தலைமுறைக்குத் தெரியும். அமெரிக்காவில் 1933-இல் ஜான் லோமேக்ஸும் மகன் ஆலனும் லெட் பெல்லியை ஒரு சிறைச்சாலையில் வைத்துப் பதிவு செய்தார்கள். 1941-இல் ஆலன் லோமேக்ஸ் மிசிசிப்பியின் ஒரு பண்ணைக்குப் போய் மடி வாட்டர்ஸைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளெல்லாம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக எடுக்கப்பட்டவை, அரசின் சேமிப்பில் இருப்பவை. உக்ருல் மலைகளில் அந்த வேலையின் பெரும்பகுதியை ஒரு பாடகர் தன் சொந்த முயற்சியில் செய்ய வேண்டியிருந்தது.

பழைய பாட்டு யாருக்குச் சொந்தம்?

ஒரு கிராமத்துப் பெரியவர் பாடிக் காட்டுகிறார். பாடகர் அதைக் கிடாருக்கு ஏற்ப அமைத்துப் பதிவு செய்கிறார். அது ஆல்பமாக வருகிறது, யூடியூபில் ஓடுகிறது. காசு வந்தால் யாருக்கு? இந்தக் கேள்வி ரூபெனுக்கு மட்டும் உரியதல்ல. நம்ம ஊர் தெம்மாங்கும் ஒப்பாரியும் கானாவும் சினிமாவுக்குள் போகும்போதும் இதே கேள்விதான்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. பாட்டை எழுதியவர் அல்லது மெட்டமைத்தவர் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை இருக்கும். ஆனால் இதற்கு ஓர் 'ஆசிரியர்' வேண்டும். பத்துத் தலைமுறையாக ஊரே பாடி வந்த பாட்டுக்கு ஆசிரியர் யார்? யாரும் இல்லை. எனவே அது பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்தவர் புதிதாகச் சேர்த்த இசையமைப்புக்கு மட்டும் அவருக்கு உரிமை வரும். நாட்டுப்புறக் கலை வடிவங்களைச் சமூகத்தின் சொத்தாகப் பாதுகாக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் கிடையாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு ஓட்டை, இல்லை, ஒரு ஜன்னல் இருக்கிறது. பாட்டு பொதுச்சொத்தாக இருந்தாலும் அதைப் பாடிய குரலுக்கு உரிமை உண்டு. சட்டத்தின் 38-ஆம் பிரிவு 'நிகழ்த்துபவரின் உரிமை' என்று ஒன்றைத் தருகிறது. பாடியவரின் அனுமதி இல்லாமல் அந்தப் பதிவை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது. 50 ஆண்டுகளுக்கு இது செல்லும். 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்கும் உரிமையையும் சேர்த்தது. ஆக, திண்ணையில் உட்கார்ந்து செல்போன் முன்னால் பாடுகிற 80 வயதுப் பாட்டியும் சட்டத்தின் கண்ணில் ஒரு கலைஞர்தான். அந்தப் பாட்டிக்கு இதை யார் போய்ச் சொல்வது என்பது வேறு கதை.

எப்படிப் பிழைக்கிறார்கள் இவர்கள்?

வட்டார மொழியில் தனியாகப் பாடுகிற ஒரு கலைஞருக்கு, கேட்பவர்களின் எண்ணிக்கையை நம்பி வாழ்கிற ஸ்ட்ரீமிங் வருமானம் பெரிதாகக் கைகொடுக்காது. கேட்கக்கூடிய மொத்தக் கூட்டமே இரண்டு லட்சம் என்றால் கணக்கு எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் இருப்பது மேடை. நாகாலாந்தில் 2000 முதல் டிசம்பர் தோறும் நடக்கும் ஹார்ன்பில் திருவிழா, அருணாச்சலில் 2012-இல் தொடங்கிய ஜிரோ இசைத் திருவிழா, உக்ருலிலேயே 2017 முதல் அரசு நடத்தும் ஷிருய் லில்லி திருவிழா ஆகியவை வந்த பிறகு வடகிழக்குக் கலைஞர்களுக்கு வெளியூர்க் காதுகள் கிடைத்தன. ரூபெனும் இந்தியாவின் பெருநகரங்களிலும் வெளிநாடுகளிலும் மேடையேறியிருக்கிறார்.

ஆனால் மேடையை நம்பிய வாழ்க்கைக்கு அமைதி வேண்டும். ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் 1958-இல் பிறந்ததே நாகா பகுதிகளை மனதில் வைத்துத்தான். ரூபெனின் தலைமுறை முழுக்க அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தது. பிறகு 2023 மே 3-இல் மெய்தி, குக்கி-ஜோ சமூகங்களுக்கு இடையே மணிப்பூரில் வன்முறை வெடித்தது. சாலைகள் மூடின, இணையம் பல மாதங்கள் துண்டிக்கப்பட்டது. ஷிருய் லில்லி திருவிழா இரண்டு ஆண்டுகள் நின்றுபோய் 2025 மே மாதம்தான் திரும்ப நடந்தது. பாடகருக்குச் சம்பளம் போடுவது யாரும் இல்லை என்பதால், இப்படிப்பட்ட மாதங்களில் அடுப்பு எரிவது எப்படி என்று யோசித்தால் 'ஃபோக் ப்ளூஸ்' என்ற பெயருக்கு இன்னொரு அர்த்தமும் தெரியும்.

இதே பாதையில் வேறு சிலரும் இருக்கிறார்கள், வேறு வேறு விதமாக. டார்ஜிலிங் மலையின் காலிம்போங்கைச் சேர்ந்த பிபுல் செத்ரி, மேற்கத்திய கிளாசிக்கல் கிடார் பயின்றவர். 2013-இல் இணையத்தில் போட்ட ஒரு நேபாளிப் பாட்டு பரவி, நேபாளி பேசுகிற மக்கள் உலகில் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் அவருக்கு மேடை அமைத்தது. அவருக்கு இருந்த வசதி, பெரிய மொழி. நாகாலாந்தின் டெட்சியோ சகோதரிகள் சோக்ரி மொழியின் நாட்டுப்புறப் பாட்டைப் பெண் குரல்களின் கூட்டு இசையாகக் கொண்டு போனார்கள். அவர்களுக்குக் கிடார் அவ்வளவு முக்கியமில்லை, குரல்தான் எல்லாம்.

தலைமுடியும் சால்வையும் எதற்கு?

ரூபெனைப் படத்தில் பார்த்தவுடன் முதலில் கண்ணில் படுவது தலைமுடி. இரண்டு பக்கமும் மழித்து நடுவில் மட்டும் நீளமாக விட்டிருப்பார். மேற்கத்திய பங்க் பாடகர்களைப் பார்த்து வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. தாங்குல் ஆண்கள் பழங்காலத்தில் வைத்திருந்த 'ஹாவ்குய்ராட்' என்ற முடிவெட்டு அது. தோளில் தாங்குல் சால்வை. சில சமயம் எருமைக்கொம்பு ஊதுவார். ஓர் அந்நியக் கண்ணுக்கு இது வேஷம் மாதிரி தெரியலாம். ஆனால் தன் அப்பா, தாத்தா வைத்திருந்த முடியைக் 'காட்டுமிராண்டித்தனம்' என்று வெட்டச் சொன்ன பள்ளிக்கூடங்களின் ஊரில், ஒரு மனிதர் அதே முடியோடு குடியரசுத் தலைவர் மாளிகை விருதுப் பட்டியல் வரை போனதை ஊர்க்காரர்கள் வேறு மாதிரிதான் பார்ப்பார்கள்.

மகன் சாகா சின்னப் பையனாக இருந்தபோதே அப்பாவோடு மேடையேறத் தொடங்கியவர், அதே முடிவெட்டோடு. லாங்ஷிம் இல்லாத காலத்தில் பாட்டு கை மாற இந்தக் குடும்பம் கண்ட வழி மேடைதான். அப்பா எடுத்துக் கொடுக்க, மகன் ஏந்திக்கொள்கிறார்.

தாங்குல் மொழிக்கு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் இல்லை. அதில் இருக்கிற 22 மொழிகளில் மணிப்பூரில் இருந்து இருப்பது மெய்திகளின் மணிப்புரி மட்டும், அதுவும் 1992-இல் சேர்ந்தது. அட்டவணையில் இல்லாத மொழிக்குப் பள்ளிப் பாடநூலும் அகாடமி விருதும் வருவது கடினம். 2021-இல் வந்த பத்மஸ்ரீ அந்த மொழியில் பாடிய ஒருவருக்கு வந்ததால், உக்ருலில் அதை மொழிக்கு வந்த விருதாகவும் எடுத்துக்கொண்டார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

வார்த்தை புரியாதே என்று தயங்க வேண்டாம். முதலில் 'சாங்ஸ் ஆஃப் மஷாங்வா' படம் கிடைத்தால் பாருங்கள். பாட்டு எந்த மண்ணில் இருந்து வருகிறது என்று தெரிந்தபின் கேட்பது வேறு அனுபவம். பிறகு அவருடைய 'கிரியேஷன்', 'அவர் ஸ்டோரி' ஆல்பங்கள். ஸ்டுடியோப் பதிவுகளைவிட மேடைப் பதிவுகளில் அவர் இன்னும் நன்றாக இருப்பார் என்பது இந்தக் கட்டுரையாளரின் எண்ணம். கூட்டம் 'ஹோ' என்று பதில் சொல்லாமல் அந்தப் பாட்டு முழுமை அடைவதில்லை.

கேட்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். குரல் ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததற்கு எப்படிச் சறுக்குகிறது, கிடார் எந்த இடத்தில் பின்வாங்கிக் குழலுக்கு வழி விடுகிறது, அர்த்தமில்லாத அசைகள் எவ்வளவு நேரம் பாட்டைத் தாங்குகின்றன. தேடும்போது ஒரு சின்னச் சிக்கல் வரும். ரூபென் என்ற பெயரை ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதுகிற மாதிரி தட்டினால் வேறு யார் யாரோ வருவார்கள். இவருடைய பெயரில் நடுவில் ஒரு டபிள்யூ இருக்கிறது: ஆர், இ, டபிள்யூ, பி, இ, என்.